மூன்று, இரண்டு, ஏழு

ஆகஸ்ட் 24

கொய்யாக்காயைக் கடித்தேன். மேல்வரிசையில் முன்பல் ஒன்று உள்ளே சாய்ந்து திரும்பி வந்தது. வலியே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. தை மாதம் மகளுக்குக் கல்யாணம். மண்டபம் சொல்லியாயிற்று. போட்டோக்காரருக்கு அட்வான்ஸும் கொடுத்தாயிற்று.

ஆகஸ்ட் 25

அம்மாவுக்குப் போன் போட்டேன். "கல்லுப்ப வச்சுத் தேய்ளா, எல்லாம் கெட்டியாயிரும்" என்றாள். ஐம்பது வயதுக்குள் அத்தனை பல்லையும் இழந்தவள்.

ஆகஸ்ட் 27

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டையோடு நிறுத்திக்கொண்டேன். சுண்டல் பக்கம் போகவில்லை.

ஆகஸ்ட் 30

கல்யாண வீடியோவில் போடப் பழைய படங்கள் வேண்டும் என்றாள் மகள். ஆல்பங்களை இறக்கினோம். 1996இல் மணவறையில் உட்கார்ந்திருக்கிறேன். முன்பற்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. மகளின் காதுகுத்துப் படத்தில் நடுவே நூலளவு சந்து. ஒரு பள்ளி ஆண்டுவிழாவில் தீக்குச்சி நுழையும் அளவு. "சந்து விழுந்தா ராசிதான் மயினி" என்று நாத்தனார் சொன்னதும், நான் சந்தோஷப்பட்டதும் நினைவிருக்கின்றன. போன வருஷத்துப் படங்களில் எல்லாம் உதட்டை மூடிக்கொண்டு சிரிக்கிறேன். அப்படிச் சிரி என்று யாரும் சொல்லவில்லை.

செப்டம்பர் 3

ஈறு டாக்டர் சின்னப்பெண். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் இறக்கி இறக்கி எண் சொன்னாள். ஒரு பல்லுக்கு ஆறு இடம். உதவிக்கு நின்ற பெண் எழுதிக்கொண்டாள். "மூணு, ரெண்டு, மூணு. மூணு, ரெண்டு, ஏழு." முப்பது வருஷமாக மதிப்பெண் போட்டவள் நான். மார்க் குறைந்தால் நல்லது என்கிற பரீட்சையை இன்றுதான் எழுதினேன். மூன்று வரைக்கும் சரியாம். நாலைத் தாண்டினால் ஈறு பல்லை விட்டு விலகிப் பை மாதிரி ஆகிவிட்டது என்று அர்த்தம். அந்தப் பைக்குள் ப்ரஷ் போகாது.

"பல்லு நல்லாத்தான் இருக்கு டீச்சர். சொத்தை ஒண்ணு கூட இல்ல. அது நிக்கிற எலும்புதான் கரைஞ்சிருக்கு."

எக்ஸ்ரேயில் காட்டினாள். மற்ற இடத்தில் பல்லின் கழுத்து வரை வந்திருக்கும் எலும்பு, ஆடும் பல்லின் ஓரத்தில் பள்ளமாகச் சரிந்திருக்கிறது. பல்லில் படியும் அழுக்கு கெட்டிப்பட்டுக் காரையாகிறது. முதலில் ஈறு வீங்கி ரத்தம் கசியும். அந்தக் கட்டத்தில் கவனித்தால் பழையபடி ஆகிவிடும். எலும்பு கரைந்துவிட்டால் போனது போனதுதான், மேற்கொண்டு போகாமல் நிறுத்தலாம்.

க்ளீன் பண்ணினால் பல் ஆட ஆரம்பித்துவிடும் என்று ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் சொல்வார்களே என்றேன். அவளுக்குச் சிரிப்பு. எலும்பு போன பல்லைக் காரைதான் சிமென்ட் மாதிரி பிடித்துக்கொண்டிருக்குமாம். காரையை எடுத்ததும் ஆட்டமும் சந்தும் கண்ணுக்குத் தெரியும். பழி க்ளீனிங் மேல் விழும்.

கிளம்பும்போது கேட்டாள்: "சுகர் பாத்திருக்கீங்களா?"

செப்டம்பர் 5

மூன்று மாதச் சர்க்கரை 9.2. ஆறரையைத் தாண்டினாலே சர்க்கரை வியாதியாம்.

செப்டம்பர் 9

பல்லைக் காட்டப் போனவளிடம் சர்க்கரையைக் கண்டுபிடிக்கிறார்கள். யார் மேல் கோபம் என்றே தெரியவில்லை. சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டுப் புண்ணாகவே கிடந்தால் சர்க்கரை அடங்காது. இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தி. இவரிடம் சொன்னதற்கு, "இனிமே எனக்கும் சீனி இல்லாமத்தான் காப்பி வருமோ" என்று கவலைப்பட்டார்.

செப்டம்பர் 20

பிடுங்கியாயிற்று. அரை நிமிஷ வேலை. தட்டில் கிடந்த பல்லைப் பார்த்தேன். முழுசாக, ஒரு கரும்புள்ளிகூட இல்லாமல், நான் நினைத்ததைவிட நீளமாக.

செப்டம்பர் 23

மாஸ்க் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனேன். தண்ணீர் குடிக்க இறக்கியபோது முதல் பெஞ்சு பார்த்துவிட்டது. ஒன்றாம் வகுப்பில் பாதிப் பேருக்கு முன்பல் கிடையாது. ஒருத்தன் எழுந்து வந்து தன் ஓட்டையைக் காட்டினான். "டீச்சர், சாணியில பொதிஞ்சு கூரை மேல எறிஞ்சீங்களா?"

இல்லை என்றேன்.

"அப்போ முளைக்காது" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தான். பிள்ளைகளுக்கு அதற்கு மேல் இதில் பேச ஒன்றும் இல்லை. மத்தியானம் மாஸ்க் போடவில்லை.

செப்டம்பர் 27

இவரும் கூட வந்தார், கணக்குப் பார்க்க. பிரிட்ஜ் போதும் என்பது அவர் கட்சி. இரண்டு பக்கத்துப் பல்லையும் ராவி, மூன்றையும் சேர்த்துக் கேப் மாட்டுவது. பத்து நாளில் முடிந்துவிடும். டாக்டர் என் இடப்பக்கத்துப் பல்லை விரலால் அசைத்துக் காட்டினாள். "இதுவும் லேசா ஆடுது சார். இது மேல பாரத்த ஏத்தவா?"

அப்படியென்றால் இம்பிளான்ட். டைட்டானியம் திருகை எலும்பில் இறக்கி, அது பிடித்த பிறகு மேலே பல். முப்பதாயிரம், எலும்புத் தூள் வைக்க வேண்டியிருந்தால் அது தனி. "அதுல சொத்தை விழாதுல்லா?" என்று இவர் முகம் தெளிந்தது. சொத்தை விழாதாம். ஆனால் சுற்றியுள்ள ஈறு கெட்டால் அங்கேயும் எலும்பு கரையும், திருகும் ஆடும், விழும். எனக்கு எலும்பு மெலிந்திருக்கிறது, சர்க்கரையும் இறங்க வேண்டும், பிடிப்பு வர நாலைந்து மாதம். தையைத் தாண்டிவிடும்.

மிச்சம் இருப்பது கழற்றி மாட்டும் ஒற்றைப் பல் தட்டு, இரண்டாயிரம் ரூபாய். அண்ணத்தில் ஒட்டி நிற்கும், ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். அம்மா டம்ளரில் போடுவாளே, அதே.

வழியெல்லாம் இவர் பேசவில்லை. பிரிட்ஜுக்குப் பக்கத்துப் பல் வேண்டும், திருகுக்கு எலும்பு வேண்டும், தட்டுக்கு ஈறு வேண்டும். இல்லாத ஒன்றை வாங்கத்தான் போனோம். இருக்கிறதைப் பற்றியேதான் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 5

தூக்கம் இல்லை. போனில் படித்தேன். சுவீடனில் பிரோனெமார்க் என்பவர் 1950களில் முயலின் கால் எலும்பில் டைட்டானியக் கருவியைப் பொருத்தி ரத்த ஓட்டத்தைப் பார்த்திருக்கிறார். ஆராய்ச்சி முடிந்து எடுக்கப் போனால் வரவில்லை. எலும்பு அதோடு ஒன்றிவிட்டது. அங்கிருந்துதான் இந்தத் திருகு. 1965இல் முதலில் வைத்துக்கொண்டவர் யோஸ்டா லார்ஸன். 2006இல் சாகும் வரை அந்தத் திருகுகள் இருந்தனவாம். நாற்பது வருஷம். எனக்கு இருபது போதும்.

அக்டோபர் 20

தீபாவளி. தட்டோடு முதல் பண்டிகை. "த" சொன்னால் விசில் வருகிறது. அம்மாவும் நானும் முறுக்கைக் காப்பியில் நனைத்துத் தின்றோம்.

நவம்பர் 6

ஆழமாகக் காரை எடுத்தது நான்கு தவணையில் முடிந்தது. வீக்கம் வற்றி ஈறு மேலே ஏறிவிட்டது. பல்லுக்குப் பல் கறுப்பு முக்கோணம் தெரிகிறது. பச்சைத் தண்ணீர் பட்டால் சுரீர் என்கிறது. அசிங்கமாக இருக்கிறேன். காசு கொடுத்து அசிங்கமானேன்.

நவம்பர் 7

நேற்று எழுதியதை அடிக்கப் போவதில்லை.

நவம்பர் 22

போட்டோக்காரர் கம்ப்யூட்டரில் பல் வைத்துத் தருகிறாராம், இலவசமாக. மகள் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

நவம்பர் 29

சந்துக்குச் சந்து குட்டி ப்ரஷ். ப்ரஷ்ஷை ஈறு ஓரத்தில் சாய்த்துப் பிடித்து மெதுவாக அசைக்க வேண்டும், அழுத்தித் தேய்க்கக்கூடாது. ரத்தம் வந்தால் அந்த இடத்தை விட்டுவிடத்தான் கை போகிறது. அங்கேதான் தேய்க்கச் சொல்கிறாள். இன்று ஒரு சொட்டும் வரவில்லை.

டிசம்பர் 13

சர்க்கரை 7.3. திரும்ப அளந்தாள். ஆறுகள் நாலாகியிருக்கின்றன. இடப்பக்கப் பல்லின் பின்னால் ஒரு இடம் மட்டும் இன்னும் ஆறு, ரத்தமும் உண்டு. ஈறைத் திறந்துதான் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும், கல்யாணம் முடியட்டும் என்றாள். பல்லைப் பக்கத்துப் பற்களோடு கட்டிவைத்திருக்கிறாள்.

ஜனவரி 10

இன்னும் பன்னிரண்டு நாள். அந்தப் பல் நிற்குமா என்று கேட்டேன். "நிக்கணும்னு பாக்குறோம்" என்றாள். அது போனால் இரண்டு பல் இடம், கணக்கு வேறு. இம்பிளான்ட் பேச்சைச் சித்திரைக்குத் தள்ளிவைத்திருக்கிறோம்.

காலையில் வாஷ்பேஸினில் சிவப்பாகக் கிடந்தது. வெற்றிலை என்றார். இவர் வெற்றிலை போடுவது ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும்தான். அடுத்த சனிக்கிழமைக்கு இவர் பேரில் டோக்கன் வாங்கியிருக்கிறேன். இன்னும் சொல்லவில்லை.