ஊதாப் பொடியும் யாமும்

விளாங்குடி 2011-ஆம் ஆண்டில் மதுரை மாநகராட்சியோடு இணைந்துவிட்டது. ஆயினும் எம் தெருவார் இன்றும் ‘மதுரைக்குப் போய் வருகிறோம்’ என்றே சொல்லுவர். யாமும் அவ்வாறு சொல்லிவிட்டே, முதுகலை வகுப்பின் கடைசிப் பருவத்தில், நாடோறும் கல்லூரி இரசாயனக் கூடத்திற்குச் சென்று வந்தோம். அங்கே எம்மிடம் ஒப்புவிக்கப்பட்டது ஒரு சிறு குப்பி. அதனுள் அரை கிராம் ஊதாப் பொடி; ருதீனியம் என்னும் உலோகத்தின் கூட்டுப்பொருள். அரை கிராமேயாயினும் கை நடுங்கச் செய்யும் விலையுடையது.

அதன் தொழில் யாதெனிற் கூறுவாம். நார்போர்னீன் என்பது இரட்டைப் பிணைப்புடைய ஒரு கார்பன் வளையம். தன் இயல்புக்கு மாறாக வளைந்து இறுகி நிற்பது. வளைத்துக் கட்டிய மூங்கில் கயிறறுந்தால் நிமிர்வது போல, வழி கிடைத்தாற் திறந்துகொள்ளும். ருதீனியத்தோடும் ஒரு கார்பன் இரட்டைப் பிணைப்பாற் கூடியிருக்கிறது. இவ்விரண்டும் நெருங்கி, நான்கு அணுக்களாலாகிய சிறு வளையமாய்க் கணநேரம் நின்று, பிரியும்போது துணை மாறிக்கொள்ளும். உடனே பெரிய வளையம் திறந்து நீளும். உலோகமோ அதன் நுனியிலேயே தங்கி அடுத்த வளையத்தைத் தேடும். இவ்வாறே நூறும் ஆயிரமுமாய் வளையங்கள் ஒரே சங்கிலியாகும். இறுக்கமில்லாத சைக்ளோஹெக்ஸீன் இதற்கு இசைவதில்லை. கோலாட்டத்தில் துணை மாறும் மகளிரைக் கண்டவர்க்கு இஃது எளிதில் விளங்கும். 2005-இல் ஷோவேன், கிரப்ஸ், ஷ்ராக் ஆகிய மூவர்க்கும் நோபெல் பரிசை அறிவித்தபோதும் துணை மாறும் நடனமே உவமையாயிற்று.

டங்ஸ்டன், மாலிப்டினம் ஆகியவற்றாலான பழைய வினையூக்கிகள் காற்றும் ஈரமும் பட்டாற் கெடும். ருதீனியக் குளோரைடோ 1965-இலேயே ஆல்ககாலிலும் இவ்வேலையைச் செய்தது. 1976 முதல் பிரான்சு நாட்டில் அம்முறையாற் செய்த நார்போர்னீன் ரப்பர் விற்பனைக்கும் வந்தது. ஆனால் அவ்வுப்பினுள் உண்மையில் வேலை செய்வது எதுவென்பது மறைவாயிருந்தது. கிரப்ஸ் குழுவினர் 1992-இல் உருவம் தெளிந்த ருதீனியக் கூட்டுப்பொருளொன்றைச் செய்து காட்டினர். எம் குப்பியிலிருந்தது அதன் வழிவந்து 1995-இல் வெளியானது.

‘காற்றையும் நீரையும் பொறுப்பது’ என்று நூலிற் கண்டதை யாம் முற்றும் நம்பினோம். மறுநாள் வேலையை விரைந்து முடிக்கக் கருதி, பொடி முழுவதையும் டொலுயீனிற் கரைத்து, தளர மூடி, மேசைமேல் வைத்துவிட்டு வீடு திரும்பினோம். பங்குனி மாதத்துப் புழுக்கமான இரவு அது. காலையிற் சென்று பார்த்தால் ஊதா நிறம் போய்த் தேநீர் நிறம் வந்திருந்தது! மனங்கேளாமல் நார்போர்னீனைச் சேர்த்தோம். நல்ல மருந்தாயின் சில நிமிடங்களிற் கரைசல் கெட்டிப்பட்டு, கலக்கும் காந்தத்துண்டு சுழலமாட்டாது நின்றுவிடும். அன்று அது மாலை வரை தங்குதடையின்றிச் சுழன்றது.

ஆசிரியர் கடிந்துகொள்ளவில்லை, அதுவே எமக்கு அதிகம் வலித்தது. “தம்பி, பொறுக்கும் என்றது பொடியை. கரைத்துவிட்டால் அதற்கும் நாள் குறித்தாயிற்று” என்றார். பின்னர் விளக்கியும் சொன்னார். இரட்டைப் பிணைப்பும் காற்றும் ஒருங்கே எதிர்ப்பட்டால் ருதீனியம் முன்னதையே முதலில் நாடும். அதன் பொறுமை என்பது இவ்வளவே. நாட ஒன்றுமின்றி இராமுழுதும் தனித்திருந்தாற் காற்று வென்றுவிடும்.

உடன் பயின்ற நண்பர் ஒருவர் தம் பங்கிலிருந்து பத்து மில்லிகிராம் ஈந்தார். இம்முறை நைட்ரஜனைச் செலுத்திக் காற்றை நீக்கிய பின்னரே கரைத்தோம். கரைசல் கெட்டிப்பட்டதும் எத்தில் வைனில் ஈதரைச் சேர்த்து வினையை நிறுத்தி, மெத்தனாலில் ஊற்றினோம். வெண்ணிற இழைகள் திரண்டு வந்தன.

ஓர் இழையைச் சட்டைப் பையில் வைத்து வீட்டிற்குக் கொணர்ந்தோம். அப்பொருள் ஏறக்குறைய 37 டிகிரி செல்சியஸில் நெகிழத் தொடங்குவது. ஆதலால் மதுரை வெயிலில் வீடு சேருமுன்னே துவண்டுவிட்டது. திண்ணையில் மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்த எம் அப்பத்தா அதனை வாங்கி இருமுறை இழுத்துப் பார்த்து, “பூக்கட்ட ஆகுமாப்பா?” என்று கேட்டார்.