காமிராவும் கூலியும்

செய்தித்தாளுக்குப் படம் எடுத்தவர் ஒருவர் பின்னாளில் விளம்பரத்துக்கும் வணிக நிறுவனங்களுக்கும் படம் எடுக்கப் போனால், மேட்டிலிருந்தவர் பள்ளத்தில் இறங்கிவிட்டார் என்று பேசுவது நம்மவர் வழக்கம். கலையை விற்றுவிட்டார் என்பர். இப்பேச்சு நமக்கு ஒருநாளும் ஒப்பியதில்லை. கிஷோர் பாரேக்கின் வாழ்வை அறிந்த பிறகு அறவே ஒப்பவில்லை.

குஜராத்திலுள்ள பாவ்நகரில் 1930-ல் பிறந்தவர் பாரேக். அமெரிக்காவின் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பயின்று திரும்பி, 1960-களின் தொடக்கத்தில் தில்லி 'இந்துஸ்தான் டைம்ஸ்' நாளிதழின் தலைமைப் புகைப்படக் கலைஞரானார். அமைச்சர் நாடா வெட்டுவதும், மாலை சூடுவதும், ஒலிபெருக்கி முன் நிற்பதுமே நம் நாளேடுகளில் பெரும்பாலும் படங்களாக வந்துகொண்டிருந்த காலம் அது. பாரேக்கோ 1965-ஆம் ஆண்டுப் போரைப் படமெடுத்தார். 1966 ஜனவரியில் தாஷ்கண்டுக்குச் சென்றார். 10-ஆம் தேதி உடன்படிக்கை கையெழுத்தானது, மறுநாள் விடியுமுன் லால் பகதூர் சாஸ்திரி மறைந்தார். அடுத்து வந்த பீகார்ப் பஞ்சத்தில், வற்றிய வயல்களையும் ஒட்டிய வயிறுகளையும் நாடு அவர் கண்வழியே பார்த்தது.

இத்தனைக்கும் பிறகு 1967-ல் அப்பதவியை விட்டு ஹாங்காங்கிற்குப் போய்ப் பத்திரிகைப் பணி செய்தார். பின்னர் இந்தியா திரும்பி, பம்பாயில் விளம்பர, வணிகப் படங்களைத் தொழிலாகக் கொண்டார். இவ்விரண்டு தொழில்களுக்கும் உள்ள தூரம் சிறிதன்று. செய்திப்படக்காரருக்குக் கிடைப்பது ஒரு நொடி, கிடைத்த வெளிச்சம், கேட்டுப் பெற முடியாத முகம். வணிகப் படத்திலோ வெளிச்சத்தை விளக்கு வைத்து உண்டாக்க வேண்டும். இயந்திரத்தைத் துடைத்து, தொழிலாளிக்குச் சலவைச் சட்டை அணிவித்து, முதலாளி சரியென்று சொல்லும்வரை மீண்டும் மீண்டும் எடுக்க வேண்டும். பொறுமை வேறு, ஆயினும் கண் ஒன்றுதான்.

இவ்விரண்டு வாழ்வுக்கும் நடுவில் நிகழ்ந்ததே நம் நெஞ்சில் நிற்பது. 1971 டிசம்பரில் வங்கதேசம் போரில் பிறந்துகொண்டிருந்தபோது, எந்தப் பத்திரிகையும் அனுப்பாமல், எவரும் பணம் தராமல், பாரேக் தாமாகப் புறப்பட்டுப் போனார். சில நாட்களில் எடுத்தவற்றுள் 67 படங்கள் நூலாயின. அவற்றுள் ஒன்றில், சிப்பாய் ஒருவர் கிராமத்தவர் ஒருவரின் கைலியை இடுப்பில் விலக்கி உள்ளே பார்க்கிறார். ஆயுதம் தேடுகிறார் என்பது விளக்கம். கைலி உடுத்தும் நமக்கு அப்படத்தை நெடுநேரம் பார்க்க முடிவதில்லை. வென்றவரின் பெருமையைப் பாட வந்த படமன்று அது. ஆசிரியரின் கட்டளைக்கு எடுத்திருந்தால் அச்சேறியிருக்குமா என்பதே ஐயம். அதே மனிதர்தாம் பின்பு விளம்பரப் படம் எடுத்தார். 1982-ல், இமயமலைப் பயணத்தின்போது மாரடைப்பால் காலமானார்.

தலத்தெருவிலும் அப்படி ஒருவரை நாம் அறிவோம். வெள்ளம், விபத்து எதுவாயினும் மிதிவண்டியில் முதலில் போய் நின்று, நாளிதழ் ஒன்றுக்குப் படம் அனுப்பி வந்தவர். அச்சான படத்துக்கு மட்டுமே காசு. அச்சாகாத படத்தின் பிலிம் செலவு அவர் தலையில். மூன்று பெண்மக்களைப் பெற்றவர் எத்தனை நாள் தாங்குவார்? நிக்காஹ் வீடுகளுக்கும் அரிசி ஆலைகளுக்கும் கடைத்திறப்புகளுக்கும் படம் எடுக்கத் தொடங்கினார். ஊர் உதட்டைப் பிதுக்கியது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கடல் காரைக்கால்மேட்டிலும் கிளிஞ்சல்மேட்டிலும் பட்டினச்சேரியிலும் ஏறி வந்தது. அந்த நாட்களில் கடலூரில் ராய்ட்டர் நிறுவனத்தின் ஆர்கோ தத்தா எடுத்த படத்தை உலகமே அறியும்: மண்ணில் விழுந்து அழும் ஒரு பெண், அருகில் இறந்தவரின் கை மட்டும். உலகச் செய்திப்படப் போட்டியில் அதுவே அவ்வாண்டின் சிறந்த படமாயிற்று. அதற்கு முற்றும் தகும்.

நம் ஊர்க்காரர் எடுத்தவற்றை உலகம் காணவில்லை. மருத்துவமனைக்கு வந்து சேர்ந்த உடல்களை நெடுநேரம் வைத்திருக்க இயலாது. அடக்கம் செய்துவிட்டால், பின்னால் தேடி வரும் உறவினர் எவ்வாறு அடையாளம் காண்பர்? அவர் ஒவ்வொரு முகமாக ஈரத்துணியால் துடைத்துப் படம் எடுத்தார். முன்னாள் தோழர்கள் பத்திரிகைக்குக் கேட்டபோது, "இவை பத்திரிகைக்கல்ல, வாப்பாவும் உம்மாவும் தேடி வந்தால் காட்டுவதற்கு" என்று மறுத்துவிட்டார்.

அந்தச் சுருள்கள் அவ்வாரம் நடக்கவிருந்த ஒரு நிக்காஹுக்காக முன்பணத்தில் வாங்கி வைத்தவை. மணவீட்டார் திருமணத்தைத் தள்ளிவைத்தனர். முன்பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.