தொட்டிக்குள் ஒரு துணை

நோன்புப் பெருநாளன்று என் பேரனுக்குச் சேர்ந்த பெருநாள் காசு, இரண்டடிக் கண்ணாடித் தொட்டியாகவும் பன்னிரண்டு கப்பி மீன்களாகவும் மாறி வீடு வந்து சேர்ந்தது. கூடவே, இரண்டு அங்குலமே இருந்த ஆஸ்கர் மீன் ஒன்றை நான் விரும்பி வாங்கினேன். கரிய உடலில் செம்மஞ்சள் கோடுகள். அந்த அழகைத் தவிர வேறெதையும் நான் விசாரிக்கவில்லை.

சில மாதங்களில் அது கையளவு வளர்ந்தது. கப்பிகள் ஒவ்வொன்றாய்க் குறைந்தன. ஒரு நாள் சுபுஹுக்குப் பின் விளக்கேற்றிப் பார்த்தபோது மூன்றே எஞ்சியிருந்தன.

“நன்னா, இது கெட்ட மீனா?” என்று பேரன் அழுதான்.

என் அத்தாவின் நினைவு வந்தது. எங்கள் கிராமத்துக் குளத்தை மீன்பாசிக் குத்தகைக்கு எடுத்தவர் அவர். கட்லா மேல்நீரில் மேயும், ரோகு நடுநீரில் திரியும், மிருகால் அடிமண்ணைக் கிளறும். ஒன்றின் உணவில் மற்றொன்று பெரிதும் கை வைக்காததால் மூன்றும் ஒரே குளத்தில் வளரும் என்பார். ஆனால், குஞ்சு விடுமுன் குளத்தில் விரால் கிடக்கிறதா என்று பார்க்காமல் இருக்கமாட்டார். “விராலை ஏசாதே, அதன் வாய் அப்படி. குஞ்சை விட்டவன் அல்லவா பார்த்திருக்க வேண்டும்!” என்பது அவர் வாக்கு.

குளத்திலாவது குஞ்சுகளுக்குப் பாசி உண்டு, கோரை உண்டு, ஓடி ஒளிய இடம் உண்டு. கண்ணாடித் தொட்டியில் எங்கே ஓடும்?

“பேசாமல் புதுக்குளத்தில் விட்டுவிடுங்கள் பாய்” என்றார் அண்டை வீட்டு நண்பர். அதற்கு என் மனம் ஒப்பவில்லை. 1952ஆம் ஆண்டு நம் நாட்டுக்குள் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை, இன்று நம் ஊரணிகளிலும் கண்மாய்களிலும் பெருகி, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்திருப்பதைக் கண்டவர்கள் நாம். ஆஸ்கரோ தென் அமெரிக்க ஆற்று மீன். என் வீட்டுப் பிழையை ஊர்க்குளத்தில் கொட்டுவது தீர்வாகாது.

மீன் வளர்ப்பில் பழுத்த ஒருவரிடம் கேட்டேன். அவர் சொன்னவை எளியவை. ஆஸ்கர் ஓரடி வரை வளரும். அதன் வாய்க்குள் அடங்கும் எதுவும் அதற்கு இரையே. துணை வைப்பதானால், வாய்க்குள் அடங்காத உடலும் விரைந்து விலகும் வேகமும் வம்புக்குப் போகாத குணமும் வேண்டும். தட்டை உடல் கொண்ட சில்வர் டாலர் மீன்கள் கூட்டமாக இருந்தால் ஒத்துப்போகும். புதியவற்றை விடுமுன் கற்களை இடம் மாற்றி அடுக்க வேண்டும். பழையது தன் எல்லையை மறந்தால்தான் புதியதற்கு இடம் கிடைக்கும். சில நாள் நடுவே கண்ணாடித் தடுப்பு வைத்துப் பழக்குவது நலம். இத்தனைக்கும் ஆறடித் தொட்டியாவது வேண்டும். அதற்கு வழியில்லையெனில், நான்கடித் தொட்டியில் ஆஸ்கர் தனியாகவே நன்றாக வாழும்.

ஆறடித் தொட்டி வாங்க எனக்கு வசதியில்லை. நான்கடித் தொட்டி வாங்கி அதனைத் தனியே விட்டேன். எஞ்சிய மூன்று கப்பிகளுக்கும் பழைய தொட்டி உரிமையாயிற்று.

தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்த என்னருகில் என் மகள் வந்து நின்றாள். அவள் மகனோடு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்து மூன்றாண்டுகள் ஆகின்றன. அன்று மாப்பிள்ளை வீட்டாரின் வசதியை விசாரித்தேன். குடும்பப் பெருமையை விசாரித்தேன். அவருடைய குணத்தை மட்டும் விசாரிக்கவில்லை.

“மீனுக்கு இவ்வளவு விசாரித்தீர்களே அத்தா” என்றாள். குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்கு மறுமொழி வரவில்லை.

பேரனுக்கு மட்டும் விடை சொன்னேன்: “கெட்ட மீன் இல்லை கண்ணே. சேர்த்து வைத்த நன்னாதான் பார்க்காமல் வைத்துவிட்டேன்.”