அட்டையின் முதுகில் எழுத வேண்டியது

இரண்டரை அங்குல அகலம், மூன்றரை அங்குல உயரம். சட்டைப்பையில் அடங்கிவிடும் அட்டை. அதற்குள் ஒரு முழு ஓவியம். கையால் செய்து ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளும் இந்தச் சிற்றட்டைகளுக்கு வழி திறந்தவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த வான்சி ஸ்டிர்னமன். 1997-ல் ஜூரிக் நகரில் தன் அட்டைகளைக் காட்சிக்கு வைத்த அவர், வேண்டியவர்கள் தாங்களே ஓர் அட்டை செய்து கொண்டுவந்து மாற்றிக்கொள்ளலாம் என்றார். விலை கிடையாது, கொடுத்தால்தான் வாங்கலாம். என்னை இந்தக் கலைக்குள் இழுத்தது அந்த ஒற்றை விதிதான். விற்க வேண்டியதில்லை என்றால் எதையும் செய்து பார்க்கலாம். ஓர் ஏ4 தாளில் ஒன்பது அட்டை வெட்டலாம். ஒன்பதிலும் ஒன்பது விதம் முயலலாம்.

நான் இருக்கும் புனேயின் கோந்த்வாவில் இதற்குப் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. தையல் கடைகளில் மாலையானால் ஜரிகை ஓரமும் சாட்டின் துண்டுகளும் குவிந்து கிடக்கும். கேட்டால் பை நிறைய அள்ளித் தருவார்கள். ஊரிலிருந்து வரும் கல்யாணப் பத்திரிகைகளின் மஞ்சள் தடவிய ஓரங்களையும் நான் வெட்டி வைத்துக்கொள்வேன். நல்ல தாளுக்குச் சிவாஜிநகர் போனால் போதும். அங்கே 1940-ல் தொடங்கிய கைக்காகித நிறுவனம், பருத்தித் துணிக் கழிவை அரைத்துத் தாள் செய்கிறது. பருத்தி இழைத் தாளில் ஈரம் பட்டாலும் சட்டென்று கிழியாது. பல ஊடகங்களைக் கலந்து வேலை செய்பவருக்கு அதைவிடப் பெரிய வசதி இல்லை.

பொருள் கிடைத்துவிடும், எதன்மேல் எது என்பதில்தான் கலை இருக்கிறது. அட்டையின் ஒரு பக்கம் மட்டும் தாள் ஒட்டினால், காய்ந்ததும் அது கிண்ணம்போல வளைந்துகொள்ளும். பசையின் ஈரத்தில் விரிந்த தாள், காயும்போது சுருங்கி அட்டையையும் தன்னோடு இழுப்பதே காரணம். பின்பக்கமும் அதே கனத்தில் ஒரு தாள் ஒட்டி, கனமான புத்தகத்தின் அடியில் இரவு முழுக்க வைத்தால் இரண்டு இழுப்பும் சமமாகி அட்டை நேராக நிற்கும். ஜூலை மழையில் பசை காய மறுக்கும் நாட்களில் இன்னும் ஒரு பகல் கூட்டிக்கொள்ள வேண்டும்.

மெழுகுவத்தியை எடுத்துக்கொள்வோம். வெறும் தாளில் மெழுகால் கோடு இழுத்து அதன்மேல் நீர்வண்ணம் ஓட்டினால், கோடு வெள்ளையாகவே தங்கும். அதே மெழுகை மஞ்சள் வண்ணம் காய்ந்த பிறகு தேய்த்து, மேலே நீலம் ஓட்டினால், நீலத்துக்கு நடுவே மஞ்சள் கோடு தெரியும். மெழுகும் ஒன்றுதான், கையும் ஒன்றுதான்; முறை மாறியதும் படம் மாறிவிடுகிறது. ஜரிகைக்கும் ஒரு முறை உண்டு. பசை மேலே படிந்தால் அதன் மினுக்கம் மங்கும். அட்டையில் முதலில் ஊசியால் துளையிட்டுக்கொண்டு, பிறகு நூலால் தைத்துப் பிடித்தால் வெளிச்சத்தில் பளிச்சென்று எழும்.

இந்த அடுக்கு வித்தை நம் மண்ணுக்குப் பழையது. தஞ்சாவூர் ஓவியத்தில் பலகைமேல் துணி ஒட்டி, சுண்ணப்பொடிப் பூச்சு கொடுத்து, மக்கு என்னும் குழைவுப் பூச்சால் மேடு கட்டி, கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டுகிறார்கள். பார்ப்பவர் கண்ணில் படுவது தங்கம். அதைத் தாங்குவது மக்கு. மகாராஷ்டிரத்தின் சாவந்தவாடியில் கஞ்சீபா என்னும் வட்டச் சீட்டுகளையும் இப்படித்தான் அடுக்கடுக்காகச் செய்தார்கள்: புளியங்கொட்டைப் பசையால் அடித்தளம் கட்டி, கையால் வண்ணம் தீட்டி, மேலே அரக்குப் பூச்சு. தசாவதாரக் கட்டில் அவதாரத்துக்குப் பன்னிரண்டாக 120 சீட்டு. அத்தனையும் உள்ளங்கையில் அடங்கும் ஓவியங்கள்.

அந்தக் கலை ஒரு கட்டத்தில் அணையும் நிலைக்கு வந்தது. செய்முறை அறிந்த கைகள் முதுமையில் தளர்ந்திருந்தன. 1970-களில் சாவந்தவாடி அரச குடும்பத்தின் சிவராம் ராஜே போன்ஸ்லேவும் சத்வஷீலாதேவியும் எஞ்சியிருந்த முதிய கலைஞரிடமிருந்து அதைக் கற்றுக் காப்பாற்றினார்கள். அரண்மனைக் கூடத்தில் இன்றும் சீட்டுகள் தீட்டப்படுகின்றன. முடிந்த ஓவியத்தைப் பெட்டியில் வைத்துக் காக்கலாம். அடியில் உள்ள அடுக்குகளை ஒருவர் சொல்லி இன்னொருவர் கேட்டால்தான் காக்க முடியும்.

அதனால்தான் மாற்று அட்டைகளின் பின்பக்கம் எனக்கு முன்பக்கம் அளவுக்கு முக்கியம். பெயரும் தேதியும் எழுதுவது வழக்கம். நான் அவற்றோடு வரிசையையும் எழுதுகிறேன்: பருத்தித் தாள், மஞ்சள் நீர்வண்ணம், மெழுகு, நீலம், ஜரிகைத் தையல். வாங்கியவர் அதைப் படித்துத் தன் மேசையில் செய்து பார்க்கலாம், ஓர் அடுக்கை மாற்றிப் போட்டுப் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கலாம். இந்தக் கலையைத் தொடங்கும் ஒவ்வொருவரிடமும் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: படத்தோடு செய்முறையையும் சேர்த்துக் கொடுங்கள். அப்போதுதான் மாற்றிக்கொண்டது முழுமையாகும்.