சீனி, அப்பத்தா, அப்புறம் ஒரு அரியர்!

ராத்திரி 2 மணி. கொல்லைப்புறம். லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, கொசுக்கடியில நின்னபடி, "போயிருடா ராஜா... போயிரு செல்லம்... ப்ளீஸ்டா"ன்னு யாரையாவது கெஞ்சியிருக்கீங்களா? நான் கெஞ்சியிருக்கேன். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல மக்களே, கிட்டத்தட்ட ஒரு மாசம்! எதுக்கு? ஒருத்தன் ஒண்ணுக்குப் போறதுக்கு!

அந்த ஒருத்தன் பேரு சீனி. பிப்ரவரி மாசம் எங்க காலேஜ் பைக் ஸ்டாண்டுல, என் வண்டி டயருக்கு அடியில சுருண்டு படுத்திருந்தான். சுத்தமான நாட்டு நாய். செம்மண் கலர், ஒரு காது மட்டும் கறுப்பு. தாய் நாயைத் தேடிப் பார்த்தோம், சாயங்காலம் வரைக்கும் காணோம். "மாப்ள, வேணாம்டா. உங்கப்பா உன்னையே வீட்டுல வெச்சிருக்கிறது பெரிய விஷயம்"னு நண்பன் சொன்னான். கேட்டாத்தானே? பைக்குள்ள இருந்த ரெக்கார்டு நோட்டையெல்லாம் அவன்கிட்ட கொடுத்துட்டு, குட்டியைப் பைக்குள்ள வெச்சுக்கிட்டு மதுரைக்குள்ள வண்டியை விட்டேன்.

இன்னொரு விஷயத்தையும் இங்கயே சொல்லிடறேன். அன்னிக்குக் காலையிலதான் மூணாவது செமஸ்டர் ரிசல்ட் வந்திருந்தது. மேத்ஸ் அவுட். அம்மா போன்ல கேட்டப்போ "ஆல் கிளியர்மா"ன்னு வாய் தானா சொல்லிருச்சு. ஆக, அன்னிக்குக் காலேஜ்லேருந்து நான் வீட்டுக்கு ரெண்டு விஷயத்தை ஒளிச்சுக் கொண்டு போனேன். பைக்குள்ள இருந்தது அஞ்சே நிமிஷத்துல மாட்டிக்கிச்சு. இன்னொண்ணு மாட்டலை.

அப்பா அரசு பஸ் கண்டக்டர். "சில்லறை இல்லாத நேரத்துல அம்பது ரூபா நோட்டை நீட்டுற மாதிரி வந்து நிக்கிற"ன்னு முறைச்சாரு. காப்பாத்தினது அப்பத்தாதான். "இருந்துட்டுப் போகட்டும்யா, பச்சப்புள்ள"ன்னு சொல்லி மடியில வாங்கிக்கிட்டாங்க. பேரு வெச்சதும் அவங்கதான். அப்பத்தா 15 வருஷமா சுகர் பேஷன்ட். "எனக்குத்தான் சீனி ஆகாதுன்னுட்டாக. வாயாரக் கூப்பிட்டாவது பாத்துக்கிறேன். ஏ சீனி!"

அடுத்த ஒரு வாரம் வீடு பட்ட பாடு இருக்கே! என் ஷூ லேஸ், அம்மாவோட மிதியடி, தங்கச்சியோட ஜியாமெட்ரி பாக்ஸ்... எல்லாத்துலயும் பல் தடம். ஹால்ல எப்பவும் ஒரு குட்டிக் குளம். விடியக்காலை 4 மணி டூட்டிக்குக் கிளம்பின அப்பா, யூனிஃபார்மோட நேரா அந்தக் குளத்துலதான் கால் வெச்சாரு. மறுநாளும்!

எட்டாவது நாள், காமெடி சீரியஸாயிருச்சு.

ஊசி நம்பர் 1

அப்பத்தா நடந்து போறப்போ சேலை ஓரம் ஆடுமில்லையா? சீனிக்கு அது விளையாட்டுச் சாமான். பாய்ஞ்சு கவ்வினான். சேலை தப்பிச்சது, குதிகால் மாட்டிக்கிச்சு. ரத்தம்.

"குட்டிப் பல்லுதானே, மஞ்சள் வெச்சா சரியாப் போகும்"னு அம்மா கிளம்பினாங்க. நல்லவேளை, எனக்கு என்.எஸ்.எஸ். கேம்ப்ல சொன்னது ஞாபகம் இருந்தது. குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு 15 நிமிஷம் காயத்தைக் கழுவிட்டு, நேரா அரசு ஆஸ்பத்திரி. குட்டியோ பெரிய நாயோ, ஊசி போடாத நாய்னா பல் பட்டுத் தோல் கிழிஞ்சாலே போகணும் பாஸ். ரேபிஸ் அறிகுறி வந்துட்டா அதுக்கப்புறம் காப்பாத்துறது கிட்டத்தட்ட முடியாத காரியம். இதுல 'பாத்துக்கலாம்'ங்கிற பேச்சே கிடையாது.

"தொப்புளைச் சுத்தி 14 ஊசி போடுவாகளாமே"ன்னு அப்பத்தா வழியெல்லாம் புலம்பல். அதெல்லாம் அந்தக் காலம். ரத்தம் வந்ததால காயத்துலயே ஒரு மருந்து போட்டாங்க. அப்புறம் கையில தடுப்பூசி. "இன்னிக்கு ஒண்ணு, இன்னிலேருந்து 3-ம் நாள், 7-ம் நாள், 28-ம் நாள். ஒண்ணையும் விடக் கூடாது"ன்னு சீட்டு எழுதிக் கொடுத்தாங்க.

வீட்டுக்கு வந்ததும் அப்பா அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்தாரு. "சுகர்காரம்மா. கால்ல புண்ணு ஆறலேன்னா என்னாகும்னு தெரியுமா உனக்கு? 28-ம் நாள் கடைசி ஊசி. அதுவரைக்கும்தான் டைம். அதுக்குள்ள கடிக்கிறதையும் நிறுத்தணும், வீட்டுக்குள்ள போறதையும் நிறுத்தணும். இல்லேன்னா எங்கேருந்து எடுத்துட்டு வந்தியோ அங்கயே கொண்டுபோய் விட்டுரு."

அப்பா சொன்னதுல தப்பே இல்ல. அதனாலதான் கோபம் எனக்கு சீனி மேல திரும்பிருச்சு. அன்னிக்கு ராத்திரி ஹால்ல மறுபடியும் குளம். பேப்பரைச் சுருட்டி ரெண்டு போட்டேன். மூக்கைப் பிடிச்சு ஈரத்துல வெச்சுத் தேய்ச்சேன். "இப்படித்தான் பழக்கணும்"னு யாரோ சொல்லிக் கேட்டிருக்கேன். அவன் போட்ட சத்தம் இன்னும் காதுல இருக்கு.

ஆனா மறுநாள் ஹால் காய்ஞ்சு கிடந்தது. அதுக்கு மறுநாளும்! 'பார்த்தியா, அடி உதவுற மாதிரி'ன்னு மனசுக்குள்ள நானே எனக்குக் கை கொடுத்துக்கிட்டேன்.

ஊசி நம்பர் 2

மூணாம் நாள் காலையில அடுப்படியில ஒரே நாத்தம். கேஸ் சிலிண்டரை நகர்த்தினா... பின்னாடி ரெண்டு நாள் சரக்கு அப்படியே இருக்கு! பய நிறுத்தலை. இடத்தை மாத்திட்டான். குனிஞ்சு "சீனி"ன்னு கூப்பிட்டேன். வாலை வயித்துக்குள்ள சுருட்டி, தரையோட தரையா ஒட்டி, நின்ன இடத்துலயே ஒண்ணுக்குப் போயிட்டான். பயத்துல.

அப்பத்தா பார்த்துக்கிட்டே இருந்தாங்க. "நான் அறுபது ஆடு வளத்தவ. ஒரு குட்டியக்கூட இப்படி நடுங்க விட்டதில்லடா"ன்னாங்க. சத்தம்கூடப் போடலை. அதான் ரொம்ப வலிச்சது.

அப்பத்தாவுக்கு ரெண்டாவது ஊசி போட்டுட்டு, அன்னிக்கே சீனியைத் தூக்கிக்கிட்டு கால்நடை மருத்துவமனைக்குப் போனேன். டாக்டரம்மா வாயைத் திறந்து பார்த்துட்டு, "28 பால் பல்லும் வந்திருச்சு. ரெண்டு மாசம் இருக்கும்"னாங்க. பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான முதல் தடுப்பூசியைப் போட்டாங்க. "ரேபிஸ் ஊசி மூணு மாசம் ஆனதும். ஊசியெல்லாம் முடியிற வரைக்கும் தெருவுல இறக்கி விடாதே. உங்க கொல்லையிலயே பழக்கு."

நான் அடிச்சதைச் சொன்னேன். அவங்க திட்டலை. "நீ பார்த்தப்போ அது போய் எவ்வளவு நேரம் ஆயிருந்தது?"

"தெரியல மேடம். அரை மணி இருக்கலாம்."

"நாய்க்கு அடுத்த சில விநாடிதான் கணக்கு. அரை மணி கழிச்சு அடிச்சா எதுக்கு அடிச்சேன்னு அதுக்குப் புரியாது. 'இந்த ஆள் பக்கத்துல இருக்கிறப்போ ஒண்ணுக்குப் போனா ஆபத்து'ன்னு மட்டும்தான் புரியும். அப்புறம் உனக்குத் தெரியாம சிலிண்டருக்குப் பின்னாடி போகும். நீ கொல்லைக்குக் கூட்டிட்டுப் போனாலும் உன் முன்னாடி போகாது."

"ஆனா மேடம், அது முழிக்கிற முழியிலயே தப்பு பண்ணியிருக்குன்னு தெரியுதே?"

சிரிச்சாங்க. அன்னிக்கு ராத்திரி நெட்ல தேடினேன். 2009-ல அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ்ங்கிற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 14 நாய்களை வெச்சு இதைச் சோதிச்சுப் பார்த்திருக்காங்க. சாப்பிடாதேன்னு சொன்ன பண்டத்தைத் தின்ன நாயும் தின்னாத நாயும், முதலாளி திட்டினா ஒரே மாதிரிதான் மூஞ்சியைத் தொங்கப் போட்டுச்சாம். இன்னும் சொல்லப்போனா, தப்பே பண்ணாம திட்டு வாங்கின நாய்ங்க மூஞ்சியிலதான் அது தூக்கலா தெரிஞ்சதாம்! ஆக, அது குற்ற உணர்ச்சி இல்ல. நம்ம குரலைப் பார்த்த பயம்.

படிச்சுட்டு ரொம்ப நேரம் தூக்கம் வரலை. திட்டுக்குப் பயந்து சிலிண்டருக்குப் பின்னாடி ஒளிச்சு வைக்கிற ஆளு வீட்டுல சீனி மட்டும்தானா? என் போன்ல லாக் போட்டு ஒரு ரிசல்ட் பக்கம் இருந்துச்சே!

ஊசி நம்பர் 3

மறுநாளே புது டைம்டேபிள். தூங்கி எழுந்ததும் கொல்லை. சாப்பிட்டு பத்துப் பதினைஞ்சு நிமிஷத்துல கொல்லை. விளையாடி முடிச்சதும் கொல்லை. ரெண்டு மாசக் குட்டியால பகல்ல ரெண்டு, மூணு மணி நேரத்துக்கு மேல அடக்க முடியாது. அதனால ராத்திரி 2 மணிக்கு அலாரம். எப்பவும் ஒரே இடம், வேப்ப மரத்தடி. அவன் வாசனை பட்ட துணியை அங்க போட்டு வெச்சேன். போய் முடிச்ச அந்த நொடியே, அங்கயே வெச்சு "சபாஷ்டா சீனி!", கூடவே ஒரு துணுக்கு அவிச்ச சிக்கன். வீட்டுக்குள்ள வந்து கொடுத்தா வீட்டுக்குள்ள வந்ததுக்குப் பரிசுன்னு எடுத்துக்குவான்.

உள்ள போயிட்டா? திட்டு கிடையாது. பேசாம துடைக்கணும், அவ்வளவுதான். பினாயில் ஊத்தினா நம்ம மூக்குக்குத்தான் வாசனை போகும், அவன் மூக்குக்குப் போகாது. என்சைம் கலந்த சலவைத்தூள் தண்ணியில ஊறவெச்சுத் துடைச்சப்புறம்தான் ஹால்ல அந்த மூலையை மறந்தான்.

பகல்ல நான் காலேஜ் போனப்போ டூட்டி அப்பத்தாவுக்கு. அவங்க அலாரமே வைக்கலை. "மூக்கைத் தரையில வெச்சு மோந்துக்கிட்டே வட்டம் போடுவான் பாரு, அப்ப தூக்கிட்டுப் போயிரணும்." ஒரு வாரத்துல என் ஸ்கோரைவிட அவங்க ஸ்கோர்தான் ஜாஸ்தி!

கடிக்கிற விஷயம்தான் இழுத்துச்சு. குட்டிங்க ஒண்ணையொண்ணு கடிச்சு விளையாடுறப்போ, ஒண்ணு அழுத்திக் கடிச்சா மத்தது கீச்சுன்னு கத்திட்டு விளையாட்டை நிறுத்திரும். அப்படித்தான் 'இவ்வளவு அழுத்தக் கூடாது'ன்னு கத்துக்குமாம். சீனிக்குக் கூடப் பிறந்தவங்க யாரும் பக்கத்துல இல்லையே. அந்த வேலையை நாங்க பார்த்தோம். பல் பட்டா கையை வெடுக்குன்னு இழுக்கக் கூடாது, இழுத்தா துரத்துவான். அப்படியே சிலை மாதிரி நிக்கணும். விடலேன்னா எழுந்து போயிடணும். அரை நிமிஷம் கழிச்சு வந்து, முடிச்சுப் போட்ட பழைய துண்டை வாயில கொடுக்கணும். 'இதைக் கடி, என்னைக் கடிக்காதே.' ஈரமாக்கி ஃப்ரீஸர்ல வெச்ச துண்டுன்னா அவனுக்குக் குச்சி ஐஸ் மாதிரி!

அப்பத்தா சேலையை இழுத்துச் செருகிக்கிட்டு, அவன் பாய்ஞ்சா கோயில் தூண் மாதிரி நின்னுருவாங்க. ஆடாத சேலையில என்ன சுவாரஸ்யம்? பய விட்டுட்டுப் போயிடுவான். ராத்திரி 8 மணிக்கு மட்டும் பேய் பிடிச்ச மாதிரி ஆடுவான். அது சேட்டை இல்ல, தூக்கக் கலக்கம். குட்டிங்க ஒரு நாளைக்கு 18 மணி நேரம்கூடத் தூங்கும். இருட்டு மூலையில படுக்க விட்டா அஞ்சு நிமிஷத்துல ஆஃப்.

அப்பத்தா காயம் ஆறிருச்சு. இருபதாம் நாள், நான் பேரைச் சொன்னதும் சீனி ஓடி வந்தான். வாலை ஆட்டிக்கிட்டு. அன்னிக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை எந்த கிரேடு ஷீட்டும் கொடுத்ததில்ல. (கொடுக்கிற மாதிரி நான் எழுதினதும் இல்ல!)

ஊசி நம்பர் 4

28-ம் நாள் காலை. முதல் நாள் ராத்திரி மேட்ச் பார்த்துட்டு அலாரம் வைக்காமத் தூங்கிட்டேன். எழுந்து வந்தா, ஹால்ல குளம். பத்து நாளா இல்லாத குளம்!

அப்பாவுக்கு அன்னிக்கு லீவு. வெளியில பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்காரு. கையில துணி இருக்கு. துடைச்சுட்டா யாருக்கும் தெரியாது. குனிஞ்சேன். சீனி பக்கத்துல உட்கார்ந்து என்னையே பார்த்தான். மூஞ்சியைத் தொங்கப் போடலை. ஒளியவும் இல்ல. 'லேட்டா எழுந்தது நீதானே'ங்கிற மாதிரி இருந்தது.

துணியோட வெளியில போனேன். "அப்பா, சீனி உள்ள போயிட்டான். நான் அலாரம் வைக்கலை. அவன் மேல தப்பில்ல." அவர் நிமிர்றதுக்குள்ள, "இன்னொண்ணும் இருக்கு. போன செமஸ்டர் மேத்ஸ்ல அரியர். ஆல் கிளியர்னு சொன்னது பொய்."

சினிமா மாதிரி அப்பா கட்டிப்பிடிப்பாருன்னு எதிர்பார்க்காதீங்க. பத்து நிமிஷம் விட்டாரு. தெருவே கேட்டுச்சு. பேப்பரை மடிச்சு வெச்சுட்டுக் கடைசியா, "ஃபீஸ் கட்டிட்டியா?"ன்னாரு.

"இல்லப்பா. நாளைக்குக் கடைசி."

"ஏன்டா, ஃபீஸ் கட்டுறதைக்கூடச் சொல்ல முடியாத அளவுக்கா நான்..." முடிக்கலை. உள்ள போய்ப் பணத்தை எடுத்துட்டு வந்து கொடுத்தாரு. வாசல்ல நின்ன சீனியைப் பார்த்துட்டு, "இதுக்கும் இன்னிக்குத்தானே ரேபிஸ் ஊசி? வெயிலுக்கு முன்னாடி கூட்டிட்டுப் போ"ன்னாரு. கெடுவைப் பத்தி அவர் பேசலை. நான் ஞாபகப்படுத்துவேனா?!

அன்னிக்கு அப்பத்தாவுக்கு நாலாவது ஊசி, சீனிக்கு முதல் ரேபிஸ் ஊசி. ரெண்டு பேரையும் மாத்தி மாத்தி வண்டியில கூட்டிட்டுப் போனேன். அப்பத்தா கண்ணை மூடிக்கிட்டாங்க. சீனி கண்டுக்கவே இல்ல.

இப்போ சீனிக்கு எட்டு மாசம். பால் பல்லெல்லாம் விழுந்து, 42 பல்லும் முளைச்சாச்சு. கொல்லைக் கதவை அவனே காலால தட்டுவான். கடிக்கிறதில்ல. என் செருப்பை மட்டும் விடமாட்டேங்கிறான், அது தனிக் கேஸ்.

மேத்ஸ்? போன மாசம் ரிசல்ட் வந்துச்சு. பாஸ். ஆனா நாலாவது செமஸ்டர்ல புதுசா ஒண்ணு விழுந்திருக்கு. அன்னிக்குச் சாயங்காலமே அப்பாகிட்ட சொல்லிட்டேன். திட்டு அஞ்சு நிமிஷமா குறைஞ்சிருக்கு மக்களே!