வண்டி நின்றது ஏன்?

பெட்ரோல் மோட்டார் வண்டி ஓடுவதற்கு இன்றியமையாதவை மூன்று: எரிபொருள், காற்று, தீப்பொறி. இம்மூன்றும் உரிய அளவில், உரிய நேரத்தில் எஞ்சினுள் கூடினால் வண்டி ஓடும். ஒன்று குறையினும் நிற்கும். நின்ற வண்டி வாய் திறந்து தன் குறையைக் கூறாது. ஆயினும் அது நிற்கும் முறையிலேயே குறையின் தடம் இருக்கும். அத்தடத்தைப் பற்றிச் சென்று காரணத்தைக் காண்பது ஓர் அரிய கலை. வாழ்நாளெல்லாம் தமிழ் கற்பித்த எனக்கு அக்கலையின் பெருமையை உணர்த்தியவர் ஒரு முதிய மெக்கானிக்.

திண்டுக்கல் மாவட்டத்து ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்குப் பெயர் பெற்றது. எங்கள் சிற்றூரிலிருந்து அச்சந்தைக்குத் தக்காளியும் முருங்கைக்காயும் ஏற்றிச் செல்லும் பழைய பிக்கப் வண்டி ஒன்று இருந்தது. பெட்ரோலால் ஓடுவது, கார்புரேட்டர் உடையது. முன்னர் என்னிடம் பயின்ற இளைஞர் ஒருவர் அதன் உரிமையாளர். அவர் வீட்டு அடுப்பு எரிந்தது அவ்வண்டியால். ஊர் உழவர் பலரின் விளைபொருள் விலையானதும் அவ்வண்டியால்.

சில ஆண்டுகளுக்கு முன்பு அவ்வண்டிக்கு ஒரு நோய் கண்டது. புறப்படும்போது நன்றாக ஓடும். ஏழெட்டுக் கிலோமீட்டர் சென்றதும் இருமும், திணறும், நின்றுவிடும். கால் மணி நேரம் காத்திருந்தால் மீண்டும் கிளம்பும். சிறிது தொலைவில் மீண்டும் நிற்கும். அதற்குள் தக்காளி வெயிலில் வதங்கும். சந்தையில் ஏலமும் முடிந்துவிடும்.

கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்தனர். வடிகட்டியை மாற்றினர். கடன் வாங்கிப் புதிய பம்பும் பொருத்தினர். நோய் தீரவில்லை. அந்நிலையில் இளைஞர் ஒன்றைக் கவனித்தார். டாங்கு நிறையப் பெட்ரோல் ஊற்றிய நாளிலேயே வண்டி விரைவில் நின்றது.

"ஐயா, இது கலப்படம்தான். பங்கில் பெட்ரோல் ஊற்றும் பையன்மேல்தான் எனக்கு ஐயம். நாளை நான்கு பேருடன் சென்று கேட்கப் போகிறேன்" என்று சினந்து கூறினார்.

"முதலில் வண்டியைக் கேட்போம், தம்பி, பிறகு பையனைக் கேட்கலாம்" என்று அவரை அமைதிப்படுத்தி, அப்பெரியவரின் பட்டறைக்கு அழைத்துச் சென்றேன்.

பெரியவர் உடனே ஸ்பேனரைக் கையில் எடுக்கவில்லை, வினாக்களைத் தொடுத்தார். "சட்டென்று நிற்கிறதா, திணறி நிற்கிறதா?" "திணறித்தான் நிற்கிறது, ஐயா." "விடியற்காலைக் குளிரிலும் நிற்கிறதா?" "ஆம், ஐயா."

அவ்வினாக்களின் பயன் பின்னர் எனக்கு விளங்கிற்று. தீப்பொறி அற்றுப்போனால், ஊதி அணைத்த விளக்குப் போல எஞ்சின் சட்டென அடங்கும். பெட்ரோல் குறைந்தாலோ, பசித்தவன் போலத் தள்ளாடி ஓயும். எஞ்சினின் வெப்பத்தால் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வழியை மறிப்பதும் உண்டு. ஆனால் அது வெப்பம் மிகுந்த வேளையில் வரும் இடர். இங்கோ குளிரிலும் வண்டி நின்றது.

பின்னர் வண்டி நிற்கும் வரை அதனை ஓட்டச் செய்தார். நின்றதும் அவர் ஆராய்ந்த முறையே கருதத்தக்கது. டாங்கிலிருந்து குழாய் வழியே பம்பிற்கும், பம்பிலிருந்து கார்புரேட்டருக்கும் பெட்ரோல் செல்கின்றது. அவர் கடைசி இடத்தில் தொடங்கிப் பின்னோக்கிச் சென்றார். கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு புட்டியில் விட்டு, எஞ்சினைச் சுழற்றச் சொன்னார். பெட்ரோல் துளித்துளியாகவே சொட்டியது. ஆகவே குறை கார்புரேட்டரில் இல்லை. அதற்கு முன்னரே உள்ளது. அடுத்து, டாங்கிலிருந்து பம்பிற்கு வரும் குழாயைக் கழற்றி அதன் வாயை விரலால் மூடினார். குழாய் விரலை உள்நோக்கி இழுத்தது! விரலை எடுக்காமலே, "தம்பி, டாங்கின் மூடியைத் திற" என்றார். திறந்ததும் 'உஸ்' என்ற ஒலியுடன் காற்று உள்ளே பாய்ந்தது. குழாயை மீண்டும் பொருத்திச் சுழற்றியபோது புட்டியில் பெட்ரோல் பீறிட்டு விழுந்தது. மூடியில் காற்றுப் புகுவதற்கென அமைந்த ஊசித்துளை, மண்ணும் பிசுக்கும் படிந்து அடைபட்டிருந்தது. அதுவே நோயின் வேர்!

எண்ணெய் டின்னில் ஒரே துளையிட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் விக்கி விக்கி வரும். மறுமூலையில் இன்னொரு துளையிட்டால் தடையின்றி ஒழுகும். இதனை உங்கள் வீட்டில் கண்டிருப்பீர்கள். டாங்கின் நிலையும் அதுவே. பெட்ரோல் வெளியேறிய இடத்தில் காற்றுப் புகாவிடில் உள்ளே அழுத்தம் குறையும்; பம்பு எவ்வளவு இழுத்தும் பெட்ரோல் வாராது. வண்டி நின்றபின் காற்று மெல்லக் கசிந்து உட்புகுவதால், சிறிது நேரத்தில் அது மீண்டும் கிளம்புகின்றது.

நிறைந்த டாங்கு விரைவில் நின்றது ஏன்? இராபர்ட்டு பாயில் 1662 ஆம் ஆண்டில் வெளியிட்ட விதி இதற்கு விடை கூறும். டாங்கினுள் 2 லிட்டர் காற்றே இருக்கும்போது 1 லிட்டர் பெட்ரோல் வெளியேறினால், அக்காற்று 3 லிட்டர் இடத்தில் பரவும். அதன் அழுத்தம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும். 20 லிட்டர் காற்று இருந்தாலோ, இருபத்தொன்றில் ஒரு பங்கே குறையும். ஆகவே காற்றுக்கு இடம் குறைந்த நாளில் வண்டி விரைந்து நின்றது.

இளைஞர் கண்டது பொய்யன்று; கண்டதிலிருந்து அவர் கொண்ட முடிவே பொய். ஓர் ஊசிமுனை துளையைத் தூய்மை செய்தது; வண்டி அன்று முதல் வழியில் நிற்கவில்லை. தான் எத்தகைய பழியிலிருந்து தப்பினோம் என்பதை அப்பங்குப் பையன் இன்றும் அறியான்.

மாணவர்களே, பெட்ரோல் எளிதில் தீப்பற்றுவது. இச்சோதனைகள் தொழிலறிந்த பெரியோர் செய்வதற்கு உரியவை. இக்கால வண்டிகளில் கார்புரேட்டர் மறைந்து, மின்னணுக் கருவியின் ஆணைப்படி எரிபொருள் பீச்சப்படுகின்றது. கருவிகள் மாறினும் ஆராயும் நெறி மாறவில்லை. ஒரு பொருளைக் கழற்றுமுன் அதனைச் சோதிக்க வேண்டும். ஒருவரைப் பழிக்குமுன் அதனினும் பன்மடங்கு சோதிக்க வேண்டும். கழற்றிய உறுப்பை மீண்டும் பொருத்திவிடலாம். குற்றமற்றவர் நெஞ்சில் பட்ட புண்ணை ஆற்றுதல் அரிது.