27 சோடா டின்னில் ஒரு கேக்

போன மாதம் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஒரு கேக் செய்தேன். மாவு இல்லை, முட்டை இல்லை, சர்க்கரை இல்லை, அடுப்பும் பற்றவைக்கவில்லை. 27 சோடா டின்கள், மளிகைக் கடையில் கேட்டு வாங்கிய ஓர் அட்டைப்பெட்டி, கொஞ்சம் வாழைநார், நாலரை முழம் மல்லிகைப்பூ. அவ்வளவுதான் சாமான். எழுபதை நெருங்கும் வயதில் இந்த வேலை எதற்கு என்று என் மனைவி கேட்டாள். நீங்களும் கேட்பீர்கள். அதைச் சொல்ல 1967-க்குப் போக வேண்டும்.

அப்பா தவறிப்போன வருஷம் அது. எனக்குப் பன்னிரண்டு வயது. பே கோபுரம் பக்கம் ஒரு சோடா கம்பெனி இருந்தது. கம்பெனி என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். ஓர் ஓட்டு வீடு, உள்ளே ஒரு மிஷின், ஒரு கேஸ் சிலிண்டர், சிமெண்ட் தொட்டி, சுவரோரம் மரப்பெட்டிகள். அதன் முதலாளிக்கு அப்போது இருபத்து மூன்று வயதுதான். தெருவில் எல்லோரும் அவரை 'சோடாக்கார அண்ணன்' என்பார்கள். அம்மா போய்ச் சொன்னதும், பள்ளிக்கூடம் விட்டதும் வந்து பாட்டில் கழுவச் சொன்னார். வாரத்துக்கு ஒன்றரை ரூபாய். சனிக்கிழமை சாயங்காலம் கையில் வந்துவிடும், ஒரு வாரம்கூடத் தவறியதில்லை.

கோலி சோடா பாட்டிலைக் கழுவியவர்களுக்குத் தெரியும், அது சாதாரண வேலை இல்லை. கழுத்தில் கிள்ளினாற்போல ஒரு பள்ளம், அதற்கு மேலே ஓடியாடும் கோலி. பிரஷ் உள்ளே போகாது. தண்ணீரை ஊற்றிக் குலுக்கிக் குலுக்கித்தான் எடுக்க வேண்டும். கழுவிய பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, மிஷினில் மாட்டி, கேஸைத் திறந்துவிட்டுச் சக்கரத்தைச் சுற்றுவார் அண்ணன். பாட்டில் தலைகீழாகும்போது கோலி வாய்ப்பக்கம் விழும். உள்ளே ஏறிய கேஸ் அந்தக் கோலியைக் கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தோடு வைத்து அழுத்தும். அதன்பிறகு மூடியே வேண்டாம், சோடாவே தன் வாயை மூடிக்கொள்ளும். எப்போதாவது ஒரு பாட்டில் வெடிக்கும். அதனால் மிஷின் ஓடும்போது என்னைப் பக்கத்தில் விடமாட்டார். "தள்ளிப் போடா, கண்ணு போயிடும்" என்பார். அவருடைய வலது புருவத்தில் ஒரு தழும்பு இன்றும் இருக்கிறது.

அந்த பாட்டில் நம்மூர்ச் சரக்கு என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஹைரம் காட் என்ற வெள்ளைக்காரர் 1872-ல் காப்புரிமை வாங்கிய பாட்டில் அது. தண்ணீருக்குள் வாயுவை ஏற்றும் வித்தை அதற்கும் ஒரு நூறு வருஷம் முந்தியது. ஜோசப் பிரீஸ்ட்லி என்பவர் 1767-ல் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில், பக்கத்திலிருந்த பீர் தொழிற்சாலையின் தொட்டிக்கு மேலே தண்ணீரை வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தது. எங்கேயோ பிறந்த சோடா இங்கே வந்து, எலுமிச்சம்பழமும் உப்பும் சேர்ந்து, வயிற்றுப் பொருமலுக்கு மருந்தாகி, நம் வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டது. விருந்தாளி வந்தால் "கலர் சாப்பிடறீங்களா?" என்று கேட்ட காலம் உங்களுக்கும் நினைவிருக்கும். விருதுநகரில் 1916-ல் தொடங்கிய காளிமார்க் மாதிரி பெரிய பெயர்கள் ஒரு பக்கம் இருக்க, ஊருக்கு ஊர் அண்ணனைப் போன்றவர்கள் சோடாவும், பன்னீரும், ஜிஞ்சரும் போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். தீபத் திருவிழாவின் பத்து நாளும் அண்ணன் கம்பெனியில் ராத்திரி விளக்கு அணையாது. மலையைச் சுற்றிப் பதினாலு கிலோமீட்டர் நடந்து வந்தவர்கள் முதலில் தேடுவது ஒரு திண்ணை, அப்புறம் ஒரு சோடா.

1972-ல் எனக்கு எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. அம்மாவிடம் இல்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை. கடைசி நாளன்று பள்ளிக்கூடத்துக்குப் போனால், "உன் பேர்ல கட்டியாச்சுப்பா" என்றார் ரைட்டர். அண்ணன் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தப் பரீட்சை பாஸானதால் சர்க்கார் உத்தியோகம். அதனால் கல்யாணம், வீடு, இன்று மாதா மாதம் வரும் பென்ஷன் எல்லாம்.

இனி சொல்லப்போவதை இதுவரை என் மனைவியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

2002-ல் என் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை வைக்கப் போனபோதே அண்ணன் சொல்லிவிட்டார்: "பாப்பா கல்யாணத்துக்கு சோடா, கலர் எல்லாம் என் பொறுப்பு. துட்டு கிட்டுன்னு பேசக் கூடாது." நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் மாப்பிள்ளை வீட்டாரிடமிருந்து தகவல் வந்தது. வரவேற்புக்குப் பெரிய மனிதர்கள் வருவார்களாம். கம்பெனி கூல்டிரிங்ஸ்தான் வேண்டும், ஸ்டிரா போட்டுக் கொடுக்க வேண்டும், கோலி சோடா வேண்டாம் என்றார்கள். 1977-ல் நாட்டை விட்டுப் போயிருந்த கோகோ கோலா 1993-ல் திரும்பி வந்து, பெட்டிக் கடை வரைக்கும் ஐஸ் பெட்டி வந்துவிட்ட காலம் அது. பெண்ணைப் பெற்றவன் நான். சரி என்றேன்.

அதை நேரில் போய் அண்ணனிடம் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு முகம் இல்லை. முதல் நாள் ஒரு பையனை அனுப்பி, "சோடா வேண்டாமாம்" என்று சொல்லச் சொன்னேன். புது ரப்பர் போட்டு, பாட்டில்களைக் கழுவிப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார் என்று அந்தப் பையன் வந்து சொன்னான்.

அண்ணன் கல்யாணத்துக்கு வந்தார். மொய் எழுதினார். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். யாரோ ஒரு பாட்டிலை நீட்டியபோது, "தண்ணி போதும்ப்பா" என்றார். கோபமாக ஒரு வார்த்தை இல்லை. அதற்குப் பிறகும் நான் போனால், "வாப்பா, குந்து" என்றுதான் சொல்வார். ஒரே ஒரு வித்தியாசம். அதற்கு முன்னால் நான் வாசல்படி ஏறினாலே கேட்காமல் ஒரு சோடா உடைத்துக் கையில் கொடுப்பார். அதற்கப்புறம் "காபி சாப்பிடறியா?" என்று கேட்க ஆரம்பித்தார்.

மூன்று நாலு வருஷத்தில் கம்பெனியை மூடிவிட்டார். மிஷின் பழைய இரும்புக்குப் போனது. 2017-ல், ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு, வெளிநாட்டுக் குளிர்பானங்களை மார்ச் 1 முதல் விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தபோது, கோலி சோடாவுக்குத் திடீரென்று மவுசு வந்தது. "அண்ணா, மறுபடியும் போடலாமே" என்று பலரும் கேட்டார்கள். "மிஷினை எடை போட்டு வித்தாச்சே" என்று சிரித்தார்.

இந்த வருஷம் அவருக்கு எண்பது. ஆயிரம் பிறை கண்டவர் என்று பிள்ளைகள் விசேஷம் வைத்தார்கள். பெரிய மண்டபம் எல்லாம் வேண்டாம், வீட்டோடு போதும் என்றாராம். என்ன வாங்கிப் போவது? வேட்டி பத்து பேர் கொண்டுவருவார்கள். ஸ்வீட் கூடாது, பத்து வருஷமாகச் சர்க்கரை வியாதி. காலில் ஒரு விரலையும் எடுத்தாகிவிட்டது.

லீவுக்கு வந்திருந்த பேத்திதான் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். வெளிநாட்டில் பீர் டின்களைத் தட்டுத் தட்டாக அடுக்கி, ரிப்பன் கட்டி, கேக் மாதிரி செய்து அப்பாக்களுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுக்கிறார்களாம். "பீர் வேணாம் தாத்தா, கூல்டிரிங்க்ஸ் வைக்கலாம்" என்றாள். ஒரு கோலா டின்னில் ஏறக்குறைய முப்பது கிராம் சர்க்கரை இருக்கிறது, ஆறு ஸ்பூன். அது ஆகாது. ஆனால் சாதா சோடாவும் டின்னில் வருகிறதே! தண்ணீர், வாயு, அவ்வளவுதான். அண்ணன் பயமில்லாமல் சாப்பிடக்கூடிய கேக் உலகத்தில் அது ஒன்றுதான்.

மனைவி யோசித்தாள். "அவர் தொழிலே போயிடுச்சு. அவர்கிட்ட போய் டின் சோடாவை நீட்டினா குத்திக் காட்டற மாதிரி இருக்காதா?" எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். கடைசியில் ஒன்று மட்டும் தெளிவானது. இந்தத் தடவை ஆள் அனுப்பப் போவதில்லை. திட்டினாலும் நேரில் போய் வாங்கிக்கொள்வது.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்காகக் கணக்கைச் சொல்கிறேன். ஒரு டின்னின் விட்டம் 6.6 செ.மீ. நடுவில் ஒன்று வைத்தால் சுற்றிலும் சரியாக ஆறு ஒட்டிக்கொண்டு நிற்கும். அதற்கு வெளியே பன்னிரண்டு. ஆக அடித்தட்டில் 19. நடுத்தட்டில் 7. உச்சியில் 1. கூட்டிப் பாருங்கள், 27. நட்சத்திரமும் இருபத்தேழு! அந்தக் காலத்தில் நமக்கெல்லாம் தேதியை வைத்தா பிறந்தநாள் கொண்டாடினார்கள்? நட்சத்திரத்தை வைத்துத்தானே. நான் திட்டமிட்டு வந்த கணக்கு இல்லை, தானாக அமைந்தது. கடையில் ஒரு பெட்டிக்கு 24 டின். மீதி மூன்றைத் தனியாக வாங்கினேன். அடித்தட்டு 33 செ.மீ. அகலம் வரும். வீட்டிலிருந்த பதினைந்து அங்குலத் தாம்பாளத்தில் அழகாக உட்கார்ந்தது. தட்டுக்குத் தட்டு நடுவில் வட்டமாக வெட்டிய அட்டை.

முதல் தடவை சொதப்பினேன். ஜில்லென்று கொடுக்கலாமே என்று டின்களை முதல் நாளே பிரிட்ஜில் வைத்து, ராத்திரி எடுத்து அடுக்கிவிட்டுப் படுத்தேன். டின்னெல்லாம் வியர்த்து, அட்டை ஊறி, விடியற்காலை நாலு மணிக்குக் கடகடவென்று சரிந்தது. திருடன் என்று நினைத்துப் பேத்தி அலறிவிட்டாள். ஆகவே டின்கள் குளிர்ந்திருக்கக் கூடாது. நன்றாகத் துடைத்து, புது அட்டை வெட்டி, ஒவ்வொரு தட்டையும் மேலே ஒரு சுற்று, கீழே ஒரு சுற்று ஈர வாழைநாரால் இறுக்கிக் கட்டினேன். காய்ந்ததும் நார் இன்னும் இறுகிப் பிடித்துக்கொண்டது. பிறகு ஒவ்வொரு தட்டையும் சுற்றி மல்லிகைச் சரம். பார்ப்பதற்கு க்ரீம் தடவின மாதிரியே இருந்தது. மொத்த எடை எட்டரை கிலோவுக்குக் குறையாது. ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வேகத்தடைக்கும் "மெதுவாப்பா" என்று சொல்லிக்கொண்டே பே கோபுரம் போய்ச் சேர்ந்தேன்.

அண்ணன் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கொண்டுபோய் முன்னால் வைத்தேன்.

"இன்னாப்பா இது?"

"கேக்குண்ணா."

குனிந்து பார்த்தார். பூவை விலக்கினார். டின்னில் எழுதியிருந்ததைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. எனக்குத் தொண்டை வறண்டது. உச்சியில் இருந்த டின்னை எடுத்து, காதருகே வைத்து லேசாகத் தட்டிப் பார்த்தார். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் நிரப்பிய பாட்டிலைத் தட்டிப் பார்ப்பாரே, அதே மாதிரி. பிறகு என்னிடம் நீட்டினார்.

"உடை."

உடைத்துக் கொடுத்தேன். அவருக்கு ஒருவர் சோடா உடைத்துக் கொடுத்து நான் பார்த்ததே இல்லை. ஒரு மடக்கு குடித்து, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார்.

"கேஸ் நல்லாத்தான் ஏத்தியிருக்கான். கோலி சத்தம்தான் இல்ல." இன்னொரு மடக்கு குடித்தார். "பாப்பா கல்யாணத்துல குடுத்தியே, அந்தக் கலருக்கு இது எவ்வளவோ தேவலாம்."

இருபத்திரண்டு வருஷம். கூடத்தில் வேறு யாருக்கும் அது புரியவில்லை. "அண்ணா, அன்னிக்கு நானே வந்து சொல்லியிருக்கணும்" என்று ஆரம்பித்தேன். குரல் வரவில்லை. அவர் என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"அதான் இன்னிக்கு வந்துட்டியே. குந்து. நீ ஒண்ணு குடி" என்று சொல்லி, நடுத்தட்டிலிருந்து ஒரு டின்னை உருவி, தானே உடைத்து என் கையில் கொடுத்தார்.

சாயங்காலத்துக்குள் கேக் காலி. வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொன்று கொடுத்தாராம். காலி டின்களை மட்டும் தூக்கிப் போட விடாமல் எண்ணி ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறார். அலுமினியத்துக்கு நல்ல விலை உண்டு என்பது அவர் கட்சி.

தாம்பாளம் நாலு நாள் கழித்து வந்தது. நம் பக்கத்தில் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தர மாட்டார்களே. பேரன் கொண்டுவந்து வைத்தான். ஒரு டஜன் எலுமிச்சம்பழம், ஒரு பாக்கெட் உப்பு.

"உப்பு போட்டுக் குடிச்சாத்தான் சோடான்னு தாத்தா சொல்லச் சொன்னாரு" என்றான்.

எனக்கு பி.பி. உப்பு கூடாது. ஆனாலும் அன்றைக்கு ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டேன்.